மூன்று வீட்டாருக்கு ஒரு காடு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளி முன்றலில் நின்றிருந்தேன். ஒரு சகோதரர் தேடி வந்தார். "ஹஸ்ரத், எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிரச்சினை. நீங்க வந்து ஒரு சொல்லுச் சொன்னாத்தான் தீரும்" என்றார்.

பிரச்சினை இதுதான். அடுத்த வீட்டார் ஒவ்வொரு நாளும் மாலையில் பின்வளவில் குப்பையையும் காய்ந்த ஓலையையும் கூட்டி எரிப்பார்கள். புகை மதிலைத் தாண்டி வந்துவிடும். கொடியில் காயும் உடுப்பெல்லாம் புகை மணம். அந்த வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒரு சிறு பிள்ளை. இரவில் பிள்ளை மூச்சுவிட முடியாமல் தவிக்கும்போது தாய் படும் வேதனையை நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள்.

நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். வயதான ஒரு தாயார் வந்து கதவோரம் நின்று ஸலாம் சொன்னார். நல்ல மனிதர்கள். விடயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "நாங்க எங்கட வளவுக்குள்ளதானே ஹஸ்ரத் எரிக்கிறம்?"

அந்தக் கேள்வி என் மனதிலேயே தங்கிவிட்டது. பிற்காலத்தில் தூர கிழக்கில் உள்ள ஒரு தீவின் காடுகளைப் பற்றி வாசித்தபோது, அதே கேள்வியை நாடுகளும் கேட்பதைக் கண்டேன். நாடுகள் அதற்கு 'இறைமை' என்று கண்ணியமான ஒரு பெயரைச் சூட்டியிருக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்பின் சகோதரிகளே! அந்தத் தீவின் கதையையே இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு தீவு, மூன்று கொடிகள்

போர்னியோ உலகின் மூன்றாவது பெரிய தீவு. ஏறத்தாழ 743,000 சதுர கிலோ மீற்றர். நமது இலங்கையைப் போன்ற பதினொரு தீவுகளை அதற்குள் அடக்கிவிடலாம். இத்தீவை மூன்று நாடுகள் பங்கிட்டுக் கொண்டுள்ளன. தெற்கிலும் நடுவிலும் உள்ள பெரும் பகுதி இந்தோனேசியாவுக்குரியது. அதனைக் கலிமந்தான் என்பர். வடக்கே சபா, சரவாக் என்னும் இரு மாநிலங்கள் மலேசியாவைச் சேர்ந்தவை. வடகரையில் புருணை என்னும் சிறிய சுல்தான் இராச்சியம் இருக்கிறது. அதன் பரப்பு 5,765 சதுர கிலோ மீற்றர் மட்டுமே. நமது அநுராதபுர மாவட்டத்தை விடவும் சிறியது. மூன்றுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள்.

தீவின் நடுவே மலைகள். மலைகளின் மேல் மழைக்காடு. வருடம் முழுவதும் மழை பெய்வதால் என்றும் பச்சையாக நிற்கும் காடு அது. ஒராங்குட்டான் குரங்கும், உலகின் ஏனைய ஆசிய யானைகளை விடச் சிறிய உருவமுடைய போர்னியோ யானையும் இங்கு வாழ்கின்றன. அந்த யானைகள் சபாவுக்கும் வட கலிமந்தானுக்கும் இடையே நடந்து திரிகின்றன. எல்லைக் கல் எங்கே நாட்டப்பட்டிருக்கிறது என்பது யானைக்குத் தெரியாது.

தண்ணீரின் கதையும் அப்படித்தான். 1,143 கிலோ மீற்றர் ஓடி இந்தோனேசியாவின் மிக நீண்ட நதி என்று பெயர் பெற்ற கப்புவாஸ், கிழக்கே ஓடும் மஹாகம், தெற்கே ஓடும் பாரிட்டோ, சரவாக்கின் ராஜாங் என்று பெரிய நதிகள் பலவும் இந்த நடுமலைகளிலேயே ஊற்றெடுக்கின்றன. கரையோர நகரத்தில் ஒரு பெண் குழாயைத் திறந்து அரிசி கழுவும் தண்ணீர், மலைக்காட்டின் வேர்களிடையே தங்கி வந்த மழைநீர்தான். மேலே காடு அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளம், வெயில் காலத்தில் வரட்சி. நாம் நமது மலையகத்தில் காணும் உண்மையே அங்கும்.

1973இல் இத்தீவின் நான்கில் மூன்று பங்கு காடாக இருந்தது. 2010 ஆகும்போது அந்தக் காட்டில் சுமார் 30 வீதம் மறைந்துவிட்டது. மரம் வெட்டுவோர் முதலில் வந்தார்கள். அவர்கள் போட்ட பாதைகளில் தோட்டக்காரர்கள் வந்தார்கள். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட எண்ணெய்ப் பனை வரிசை வரிசையாக நடப்பட்டது. நமது நாட்டில் முள்தேங்காய், கட்டுப்பொல் என்றெல்லாம் சொல்கிறோமே, அதே மரந்தான்.

புகை மதிலைத் தாண்டியது

கரையோரத் தாழ்நிலங்களில் இன்னொரு விதமான காடு உண்டு. அது சதுப்பு நிலத்துக் காடு. அங்கே விழும் இலையும் கிளையும் தண்ணீரில் மூழ்கியிருப்பதால் முழுமையாக உக்கிப் போவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்து, சில இடங்களில் பத்து மீற்றருக்கும் மேல் ஆழமான கருமண்ணாகக் கிடக்கின்றது. இதனைக் கரிச்சேற்று நிலம் எனலாம். ஈரமாக இருக்கும்வரை அது ஒரு பெரிய பஞ்சைப் போல நீரைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்துவிட்டால் அதுவே விறகு.

1995ஆம் ஆண்டின் இறுதியில் அன்றைய இந்தோனேசிய ஜனாதிபதி சுஹார்த்தோ ஒரு பெரிய திட்டத்தை ஆரம்பித்தார். மத்திய கலிமந்தானில் பத்து இலட்சம் ஹெக்டேயர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்குவது என்பதே அது. நோக்கம் கெட்டதல்ல. பெருகும் மக்களுக்குச் சோறு வேண்டும். ஆனால் நிலத்தின் தன்மையை அறிந்தவர்களின் சொல் கேட்கப்படவில்லை. 4,000 கிலோ மீற்றருக்கும் அதிகமான கால்வாய்கள் வெட்டப்பட்டன. கால்வாய் வழியே சதுப்பின் நீர் வடிந்தது. புளிப்புத் தன்மை கொண்ட அந்த மண்ணில் நெல் எதிர்பார்த்தபடி விளையவில்லை. ஜாவாத் தீவிலிருந்து குடியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏமாந்து நின்றன. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. நெல்லும் இல்லை, காடும் இல்லை. காய்ந்த கரிமண் மட்டும் மிஞ்சியது.

அதற்கு முன்பே 1997இல் எல்நினோ வரட்சி வந்தது. நிலத்தைத் துப்புரவாக்க வைத்த தீ கரிமண்ணைப் பற்றிக் கொண்டது. கரிமண் தீ நிலத்துக்கு அடியில் வாரக்கணக்கில் புகைந்து கொண்டே போகும். மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே எரியும். பெருமழை ஒன்றுதான் அதனை அணைக்கும்.

கலிமந்தானிலும் சுமாத்திராவிலும் எழுந்த புகை மலேசியா, சிங்கப்பூர், புருணை என்று பரவியது. 1997 செப்டெம்பரில் சரவாக் மாநிலத்தில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. காற்று மாசுச் சுட்டெண் 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்பார்கள். அங்கு அது 800ஐயும் தாண்டியது. பாடசாலைகள் மூடப்பட்டன. பகலிலேயே வாகனங்கள் விளக்குப் போட்டு ஓடின. ஜனாதிபதி சுஹார்த்தோ அயல் நாடுகளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒரு நாட்டின் தலைவர் புகைக்காக மன்னிப்புக் கேட்டது அபூர்வமான காரியந்தான்.

மன்னிப்புக் கேட்டவுடன் புகை நின்றுவிடுமா? 2002 ஜூன் 10ஆந் திகதி கோலாலம்பூரில் ஆசியான் அமைப்பின் பத்து நாடுகளும் எல்லை தாண்டும் புகை பற்றிய ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால் தீயெரியும் நாடான இந்தோனேசியாவின் பாராளுமன்றம் அதனை அங்கீகரித்தது 2014 செப்டெம்பரில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்! இதற்கிடையில் 2013இல் மற்றொரு ஜனாதிபதியான சுசிலோ பம்பாங் யுதோயோனோவும் அயலவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஒப்பந்தம் அங்கீகரிக்கப்பட்ட மறுவருடமே, 2015இல், மீண்டும் பெருந்தீ. 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. இந்தோனேசியாவுக்கு மட்டும் 1,600 கோடி அமெரிக்க டொலர் நட்டம் என்று உலக வங்கி கணக்கிட்டது. இத்தனை புகையையும் முதலில் சுவாசித்தவர்கள் யார்? கலிமந்தானிலும் சுமாத்திராவிலும் இருந்த தாய்மாரும் பிள்ளைகளுந்தான். அடுத்த வீட்டுக்குப் போகும் புகை, முதலில் நம் வீட்டுக்குள்தான் நிறைகிறது.

அந்த அடி வாங்கிய பின்னரே காரியங்கள் வேகம் பெற்றன. 2016 ஜனவரியில் கரிச்சேற்று நிலங்களை மீட்பதற்கென இந்தோனேசியா ஒரு தனி அமைப்பை உண்டாக்கியது. வெட்டிய கால்வாய்களை மறித்து அணை கட்டி, மண்ணை மறுபடி நனைப்பது அதன் முக்கிய வேலையாக இருந்தது. பெருஞ்செலவில் வடித்த தண்ணீரை மீண்டும் செலவழித்துத் தேக்குகிறார்கள். 2019இலும் பெரிய தீ மூண்டது. ஆக, வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

துப்பாக்கி நின்ற எல்லையில்

இந்த நாடுகளிடையே ஒற்றுமை எளிதில் வந்ததன்று. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவும் மலேசியாவும் இதே போர்னியோ எல்லையில் மோதிக் கொண்டன. பிரித்தானிய, கூர்க்கா, அவுஸ்திரேலியப் படையினரும் மலேசியாவின் பக்கம் நின்று இந்தக் காட்டுக்குள் போரிட்டனர். 1966 ஓகஸ்டில் சமாதானமாயிற்று. எனினும் சுமார் 2,000 கிலோ மீற்றர் நீளமான அந்த எல்லையை இரு தரப்பும் நெடுங்காலம் பாதுகாப்புக் கண்ணோடுதான் பார்த்தன.

2005இல் இந்தோனேசியாவில் ஒரு யோசனை எழுந்தது. எல்லை நெடுகிலும் 18 இலட்சம் ஹெக்டேயரில் எண்ணெய்ப் பனை நடுவது, அதற்குச் சீனாவிலிருந்து மூலதனம் பெறுவது என்பதே அது. எல்லைப்புறத்து ஏழைகளுக்குத் தொழில் கிடைக்கும், எல்லையும் காவலாகும் என்றார்கள். ஆனால் அந்த மலைகள் மிகவும் செங்குத்தானவை. உயரத்தில் எண்ணெய்ப் பனை ஒழுங்காகக் காய்க்காது. அப்படியானால் அங்கே இலாபம் தரப் போவது என்ன? நடுவதற்கு முன் வெட்டி விற்கும் மரந்தான்! சூழலியலாளர்கள் இதனை எடுத்துச் சொன்னார்கள். நாட்டுக்குள்ளும் வெளியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. திட்டம் அந்த உருவில் நடக்கவில்லை.

அதன் மறுபக்கமாக இன்னொரு யோசனை வலுப்பெற்றது. 2007 பெப்ரவரி 12ஆந் திகதி இந்தோனேசியாவின் பாலித் தீவில் மூன்று நாடுகளின் அமைச்சர்களும் கூடி 'போர்னியோவின் இதயம்' என்ற பிரகடனத்தில் கையொப்பமிட்டனர். தீவின் நடுவே சுமார் 220,000 சதுர கிலோ மீற்றர் பரப்பை மூவரும் சேர்ந்து பேணுவது என்பது அதன் சாரம். இலங்கையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான பரப்பு!

இதனைச் சரியாக விளங்கிக் கொள்ள வேண்டும். மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரே வேலி அடைத்துப் பூங்கா ஒன்றை உண்டாக்கவில்லை. நிலம் அவரவருடையது, சட்டமும் அவரவருடையது. அந்தப் பரப்புக்குள் பாதுகாக்கப்பட்ட வனங்களும் இருக்கின்றன, மரம் வெட்ட அனுமதி பெற்ற காடுகளும் இருக்கின்றன, மக்கள் வாழும் கிராமங்களும் இருக்கின்றன. எண்ணெயும் எரிவாயுவும் விற்று வாழும் புருணைக்குக் காட்டை வெட்டும் அவசியம் குறைவு. சரவாக்குக்கும் கலிமந்தானுக்கும் மரமும் தோட்டமும் வருமானம். மூவர் தேவையும் ஒன்றல்ல. பிரகடனத்தை மீறுபவரைத் தண்டிக்க எந்த நீதிமன்றமும் இல்லை.

அப்படியாயின் அதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு. ஓர் உதாரணம் பாருங்கள். சரவாக்கில் லஞ்சாக் எந்திமாவ் என்னும் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் மேற்குக் கலிமந்தானில் 8 இலட்சம் ஹெக்டேயர் பரப்புள்ள பெத்துங் கெரிஹுன் தேசிய பூங்கா இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கின்றன. 1990களின் நடுப்பகுதியிலிருந்தே இவ்விரண்டையும் இணைத்துப் பேணும் முயற்சி நடந்து வருகிறது. ஒரு பக்கம் மட்டும் காத்து மறுபக்கம் வெட்டியிருந்தால், ஒராங்குட்டானுக்குப் பாதி வீடுதான் மிஞ்சியிருக்கும். பிரகடனம் வந்த பின், எல்லை மலைகளில் தோட்டம் போடக் கேட்பவருக்கு, "இது மூவரும் கொடுத்த வாக்கு" என்று காட்ட ஒரு தாளாவது இருக்கிறது.

அரசுகளுக்கு முன்னே சென்றவர்கள்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எல்லையில் உள்ள மேட்டு நிலங்கள். இந்தோனேசியப் பக்கம் கிராயான், சரவாக் பக்கம் பாரியோ, பாக்கெலாலான். லுன் பாவாங் அல்லது லுன்டாயே என்றும், கெலாபிட் என்றும் அழைக்கப்படும் மக்கள் இரு பக்கமும் வாழ்கிறார்கள். அவர்களைப் பிரித்தது பிரித்தானியரும் ஒல்லாந்தரும் வரைந்த கோடு. ராத்தா ஒரு நாட்டில், தங்கை மறு நாட்டில் என்பது அங்கே சாதாரணம்.

இவர்கள் தண்ணீர் நிறைந்த வயல்களில் சிறுமணி அரிசி விளைவிக்கிறார்கள். எருமைகளை வயலில் விட்டு மிதிக்க வைத்துச் சேறாக்குவது கிராயானின் வழக்கம். மலையில் ஊறும் உப்பு ஊற்று நீரை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். கடலே காணாத மலையில் உப்பு! அந்த வயலுக்கு நீரும் அந்த அடுப்புக்கு விறகும் காட்டிலிருந்தே வருகின்றன. காடு போனால் சோறும் போகும், உப்பும் போகும் என்பது அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை.

2004இல், அதாவது அமைச்சர்கள் கையொப்பமிடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, எல்லையின் இரு பக்கத்து மக்களும் சேர்ந்து போர்மடாட் என்ற பெயரில் ஓர் அமைப்பை உண்டாக்கிக் கொண்டார்கள். தம் காட்டையும் நதியையும் வயலையும் வழமைகளையும் சேர்ந்து காப்பது அதன் நோக்கம். கிராயானிலிருந்து இந்தோனேசியாவின் கரையோர நகரங்களுக்குப் போக நெடுங்காலம் விமானமே வழி. ஆகவே அரிசி மலேசியப் பக்கம் போகும், சீனியும் சீமெந்தும் மலேசியப் பக்கமிருந்து வரும். 2020இல் கொரோனா காரணமாக எல்லை மூடப்பட்டபோது இந்த மக்கள் சாமான் கிடைக்காமல் பெரிதும் கஷ்டப்பட்டார்கள். அயலவர் எவ்வளவு அவசியம் என்பது கதவு மூடப்படும் போதுதான் விளங்குகிறது.

இம்மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அயலவரின் உரிமை மார்க்கத்தைப் பார்த்து வருவதன்று என்பதை ஓதிய நமக்கு, அவர்களிடமிருந்து படிக்க நிறைய இருக்கிறது.

'ஈமான்' என்ற காண்டாமிருகம்

இனி, மனதை வருத்தும் ஒரு செய்தி. காலம் தாழ்த்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இதனை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சுமாத்திராக் காண்டாமிருகம் என்றோர் இனம் உண்டு. காண்டாமிருகங்களிலேயே சிறியது, உடலில் உரோமம் உள்ளது. கொம்புக்காக வேட்டையாடப்பட்டும் காடு இழந்தும் அருகிப் போனது. மலேசியாவில் கடைசியாக மிஞ்சியவற்றைச் சபா மாநிலத்தில் ஒரு பாதுகாப்பு நிலையத்தில் வைத்துப் பராமரித்தார்கள். தாம் என்ற ஆண், 2008இல் எண்ணெய்ப் பனைத் தோட்டமொன்றில் அலைந்து திரிந்தபோது பிடிக்கப்பட்டது. புந்துங் என்ற பெண், கண்ணியில் சிக்கி ஒரு பாதத்தை இழந்தது. 2014இல் பிடிக்கப்பட்ட மற்றொரு பெண்ணுக்கு வைத்த பெயர் 'ஈமான்'. நம் மொழியில் உள்ள அதே ஈமான்தான்.

இவ்வினம் தனித்து வாழ்வது. எண்ணிக்கை குறைந்து பெண் மிருகம் நெடுங்காலம் துணை காணாமல் இருந்தால் கர்ப்பப்பையில் கட்டிகள் உண்டாகிவிடும். புந்துங்குக்கும் ஈமானுக்கும் அதுவே நடந்தது. இயற்கையாகக் குட்டி ஈன இயலாத நிலை.

அதே காலத்தில் இந்தோனேசியாவின் சுமாத்திராவில், வேய் கம்பாஸ் என்னுமிடத்தில், இதே இனக் காண்டாமிருகங்கள் 2012இலும் 2016இலும் ஆரோக்கியமாகக் குட்டி ஈன்றிருந்தன. ஒரு நாட்டில் வளமான ஆண் மிருகம். மறு நாட்டில் கருமுட்டை தரக்கூடிய பெண். இரண்டையும் ஆய்வுகூடத்தில் சேர்த்துப் பார்க்கலாம் என்று மலேசியத் தரப்பு ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்தது. கடிதங்கள் போயின. கூட்டங்கள் நடந்தன. உடன்படிக்கையின் வாசகம் பேசப்பட்டது. எவரும் வெளிப்படையாகப் பகைக்கவில்லை. அனுமதி மட்டும் வேளைக்கு வந்து சேரவில்லை.

2017இல் புந்துங் புற்றுநோயால் போயிற்று. 2019 மே மாதம் தாம் இறந்தது. அதே ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி ஈமானும் புற்றுநோயால் இறந்தது. அத்துடன் மலேசிய மண்ணில் அந்த இனம் முடிந்துவிட்டது. உலகம் முழுவதிலும் இப்போது எஞ்சியிருப்பவை ஐம்பதுக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். போர்னியோவில் இந்தோனேசியப் பக்கம் மிகச் சிலவே உள்ளன. 2018இல் பிடிக்கப்பட்ட 'பாஹு' என்ற பெண் மிருகம் அவற்றுள் ஒன்று.

இரு வீட்டாரிடமும் நல்லெண்ணம் இருந்தது. ஒப்பந்தங்களும் இருந்தன. மதிலின் வாயிற்கதவைத் திறக்கும் சாவிதான் யார் கையிலும் இல்லை. 'பிறகு பார்ப்போம்' என்பது பகைமையை விட அதிகமாகக் கொன்றிருக்கிறது.

உலமாக்கள் சொன்ன தீர்ப்பு

இந்தோனேசிய உலமா சபை 2014இல் அருகிவரும் வனவிலங்குகளைக் காப்பது பற்றி ஒரு பத்வா வெளியிட்டது. 2016இல், பெருந்தீ எரிந்த மறுவருடம், காட்டையும் நிலத்தையும் எரிப்பது பற்றி இன்னொரு பத்வா வந்தது. பிறருக்குத் தீங்கும் சூழலுக்கு நாசமும் உண்டாக்கும் வகையில் எரிப்பது ஹராம் என்றது அது. அத்தோடு நின்றுவிடவில்லை. அவ்வாறு எரிப்பதற்கு வசதி செய்து கொடுப்பதும், கண்டும் காணாமல் விடுவதும், அதிலிருந்து இலாபம் அடைவதும் ஹராம் என்று தீர்ப்புச் சொன்னது.

பத்வாவினால் மட்டும் தீ அணையாது என்பதை நானும் அறிவேன். ஆனால் அந்தத் தீர்ப்பின் கடைசிப் பகுதியை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தீக்குச்சி கிழித்தவன் ஒருவன். காணாதது போலிருந்த அதிகாரி ஒருவன். அந்த நிலத்தின் விளைச்சலால் பயன் பெறுபவர்கள் எத்தனை பேர்? அந்த வரிசை எங்கே போய் முடிகிறது?

நமது குசினியில்

அது நமது குசினியிலும் வந்து முடிகிறது. உலகின் பாம் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலுமே உற்பத்தியாகிறது. நாம் தேங்காயெண்ணெய்க்குப் பழகியவர்கள்தான். ஆனாலும் பிஸ்கட், மாஜரின், கேக், சவர்க்காரம், கடையில் வாங்கும் பொரித்த பண்டம் என்று பாம் எண்ணெய் நம் வீட்டுக்குள் வராத நாளே இல்லை. 2021 ஏப்ரலில் நமது அரசு இதன் இறக்குமதிக்கும் முள்தேங்காய்ச் செய்கைக்கும் தடை அறிவித்ததும், பின்னர் இறக்குமதித் தடை தளர்த்தப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆகவே இன்றே பாம் எண்ணெயைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஹெக்டேயர் எண்ணெய்ப் பனை, அதே அளவு நிலத்தில் பயிரிடும் சோயாவையோ சூரியகாந்தியையோ விடப் பல மடங்கு எண்ணெய் தருகிறது. அதனை விட்டு வேறு எண்ணெய்க்கு மாறினால் வேறெங்கோ கூடுதலாகக் காடு வெட்ட வேண்டி வரலாம். சிறு நிலத்தில் இதனைப் பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் இலட்சக்கணக்கான குடும்பங்களும் அங்கே உண்டு. மரம் குற்றவாளியல்ல. எந்த நிலத்தில் நட்டார்கள், எதை எரித்து நட்டார்கள் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கும் உரிமை உண்டு. வீண்விரயம் செய்யாமல் எண்ணெயைப் பாவிப்பது நம் கையில் இருக்கிறது. ஒரு பொருளின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதும், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதும் நம் கையில் இருக்கிறது. பின்வளவில் குப்பை எரிக்காமல் விடுவதும் நம் கையில்தான்.

அன்று அந்த இரு வீடுகளின் பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்று சொல்லாமல் விட்டேன் அல்லவா? நான் போய்ச் சொன்ன சொல்லால் அல்ல. சில நாட்கள் கழித்து அந்த வயதான தாயார் தாமாகவே அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். பிள்ளைக்கு மூச்சு இழுப்பதைத் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். மறுவாரம் மதிலின் மூலையில் ஒரு பசளைக் குழி தோண்டப்பட்டது. இரு வீட்டுக் குப்பையும் அதில் விழுந்தது. ஓலையைப் பின்னி வேலி அடைத்தார்கள். மாரி முடிந்ததும் அந்தப் பசளையில் இரு வளவிலும் கீரை முளைத்தது.

"எங்கட வளவுக்குள்ளதானே" என்று சொன்ன அதே தாயார்தான் அது. மதிலுக்கு அப்பால் இருப்பவரின் மூச்சை ஒரு முறை கேட்டார். அதுவே போதுமாயிருந்தது.